டாக்டர் சொன்னதில் நான் விழுங்கியது

அக்கா,

இன்று காலைப் பத்திரிகையில் உன் படம். முப்பதாம் நாள் நினைவஞ்சலி, அண்ணன் போட்டது. ‘உடன்பிறந்தவனுக்கு மனமுவந்து சிறுநீரகம் தந்த தியாகச் சுடர்’ என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள்.

மனம் எங்கே உவந்தது? நம் சுங்கை லாலாங் வீட்டில், அண்ணனுக்கு உன் சிறுநீரகத்தைக் கேட்ட அந்த வாரம் முழுக்க அம்மா உன்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை உன் பக்கம் நகர்த்தி வைத்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அண்ணி தன் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவந்து உன் காலில் விழவைத்தாள். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். “உனக்கென்ன, புருஷனா புள்ளையா? ஒரு கிட்னி போனா என்னா கொறஞ்சிரப் போவுது?” கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்த நீ, பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தினாய்.

அவர்களை ஏசிவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்றார். மலாயில் பேச நீ கூச்சப்படுவாய். தமிழ் தெரிந்த தாதி அன்று விடுப்பு. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கும் நான் மொழிபெயர்க்க உள்ளே வந்தேன். அறுவைச் சிகிச்சையின் ஆபத்துகளை அந்த மலாய்க்கார டாக்டர் நிதானமாகச் சொன்னார். கடைசியாக இதையும் சொன்னார்: “விருப்பமில்லை என்றால் தாராளமாகச் சொல்லட்டும். இவர் தானத்துக்கு ஏற்றவரில்லை என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லிவிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது.”

ஆபத்துகளை எல்லாம் தமிழில் சொன்னேன். இதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

“கையெழுத்துப் போடச் சம்மதமான்னு கேக்கறாரு, அக்கா.”

“வேணான்னு சொன்னா?”

“அண்ணன் செத்துருவாரு.”

“சரிலா” என்றாய். முழு மனதோடு சம்மதிக்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன்.

அண்ணன் தேறினார். குடும்பத்தோடு கோத்தா கோலா மூடாவுக்கு மீன் சாப்பிடப் போனார். காரில் இடமில்லை என்று உன்னை விட்டுவிட்டுப் போனார்கள். விலாவில் வலி என்று நீ சொன்னால், “இன்னும் எத்தனை நாளைக்கு இதையே சொல்லுவா?” என்பாள் அண்ணி.

போன வருஷம் பேருந்துக்குக் காத்திருந்தபோது நீயாகத்தான் சொன்னாய். “டாக்டரு சொன்னது எனக்கும் வெளங்குச்சுடி. வருஷக்கணக்கா மலாய்க்காரப் பொம்பளைங்களோடதானே வேல செய்யறேன்.”

“அப்புறம் ஏன்க்கா சும்மா இருந்த?”

“நீ சொல்லுவியான்னு பாத்தேன். நீயும் சொல்லல. அப்புறம் யார நம்பி வேணாங்கறது?”

நீ கோபப்படவே இல்லை. பேருந்து வந்ததும் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாய்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டாய். சிறுநீரகம் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கட்டும்.

இன்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோசையைக் குழம்பில் தோய்த்தபடியே, “வேணான்னா அவளே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?” என்றார். எழுந்து வந்துவிட்டேன். அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என்னை நினைத்தால் அதைவிட.

உன் சிறுநீரகம் அவரிடம் இருக்கிறது, அக்கா. என்னிடம் இருப்பது, அன்று டாக்டர் அறையில் பக்கத்து நாற்காலியிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த உன் கண்கள்.