கூரை எழுந்து உட்கார்ந்தது

அக்கா, ட்யூட்டி முடிந்து வந்த களைப்பில் அப்படியே படுத்துவிடாதே. முதலில் இதைப் படி.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போகிறேன். நீயும் அங்கேயே வந்துவிடு. சாப்பாடு தூக்குவாளியில் இருக்கிறது, எடுத்து வா.

புயலில் கூரைக்கு ஏதாவது ஆயிற்றா என்று பார்க்கக் காலையில் தச்சர் வந்தார். கீழேயிருந்து பார்த்தால் ஒரு தகரம்கூட நகரவில்லை. "ஒண்ணும் ஆகலண்ணே" என்று நானே சொன்னேன். பரணில் ஏறி டார்ச் அடித்தவர் ஒரு மூலையிலேயே வெளிச்சத்தை நிறுத்தினார். பிறகு, "மேல வாம்மா, நீயே பாரு" என்றார்.

சுவருக்கும் அதன்மேல் கிடக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு இலை நசுங்கி மாட்டியிருந்தது. ஒரு தாள்கூட நுழையாத இடம், அக்கா!

"புயல் மொத்தக் கூரையையும் தூக்கியிருக்கு. அந்த நேரம் பாத்து இலை உள்ள வந்திருக்கு. அப்புறம் அப்படியே இறக்கி வச்சிட்டுப் போயிருக்கு. ஆணியெல்லாம் பிடுங்கிடுச்சு, இப்ப சும்மாதான் உக்காந்திருக்கு."

புயலடித்த அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார், அக்கா. தலைக்கு மேல் கூரை எழுந்து உட்கார்ந்திருக்கிறது. கீழே நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

சண்டைக்கு நடுவில் கேட்ட அந்த 'டமார்' சத்தம், கூரை திரும்ப உட்கார்ந்ததுதான். கதவை நீ அறைந்து சாத்தினாய் என்று நான் நினைத்தேன், நான்தான் சாத்தினேன் என்று நீ நினைத்தாய். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் தச்சர் கூரையைச் சுவரோடு பிணைத்து இரும்புப் பட்டை அடிக்க வருகிறார். சாவியை எதிர்வீட்டு அண்ணியிடம் கொடுத்துவிடு.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: இலையை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ தனியாக ஏறாதே. அவர் வேலை முடிந்ததும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.