உரித்தெடுத்த நட்சத்திரம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

உங்க மழைக்கோட்டு கதவுக்குப் பின்னாலயேதான் தொங்குது. அதைச் சொல்ல எழுதல.

வெள்ளிக்கிழமை நான் எடுக்கிற நன்னெறி வகுப்பு. மூணு மதப் பிரார்த்தனையும் முடிஞ்சதும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஒரு உண்மை சொல்லணும். சொன்னா சுவர் அட்டையில பேருக்கு நேரா ஒரு நட்சத்திரம். பொய்யின்னா ஒண்ணு போயிடும். நான் போட்ட சட்டம்தான்.

நம்ம பாப்பா எழுந்தா. "எங்க அப்பா வேலைக்காக வெளியூர் போகல டீச்சர். அம்மாகூட சண்டை போட்டுட்டுப் போயிட்டார்."

பின்வரிசையில தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தாங்க. வெளியூர் வேலைன்னு அவங்ககிட்ட கதை விட்டதே நான்தான்.

"பொய் சொல்லாதே, உட்காரு!"ன்னு அதட்டிட்டேன்.

அவ அழல. நேரா அட்டைகிட்ட போய், தன்னோட நட்சத்திரத்துல ஒண்ணை நகத்தால உரிச்சு என் உள்ளங்கையில வச்சா. வீட்டுக்கு வந்தும் என்னை டீச்சர்னுதான் கூப்பிடறா.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லி, அந்த நட்சத்திரத்தைத் திரும்ப ஒட்டப்போறேன். அப்புறம் நீங்க வந்தா, வெளியூர்லேர்ந்து வந்தீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது.

பரவாயில்ல. மழைக்கோட்டு அங்கேயேதான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்க பாப்பாவோட டீச்சர்