காற்றைப் புளிக்கவைத்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை மகள் வடிவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வேட்டியை உதறிக்கொண்டு குதித்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களைக் கும்பிட்டபடி வாசல் பூவரசில் கொஞ்சம் தோரணையாகச் சாய்ந்தேன்; முசுறு எறும்பு உள்ளே ஏறிவிட்டது. பையனின் தாயார் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். எங்கள் தெருவிலிருந்து கடல் தெரியாது. எறும்பை நசுக்கிய கையை முகர்ந்தேன். மூக்கைக் குத்தும் அந்தப் புளிப்பு. உடனே உன் ஞாபகம்தான்.

யுத்தத்தில் காஸ் சிலிண்டர் வராமல் என் சோடாக் கடை மூடப்படும் நிலையில் இருந்தது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நீ, கரையில் குவிந்து கிடந்த முத்துச்சிப்பி ஓட்டை ஜாடியில் போட்டு ஆசிட்டை ஊற்றினாய். பொங்கி வந்தது கரியமில வாயு. கடை பிழைத்தது. அதோடு நின்றிருந்தால் ஊர் உன்னைக் கொண்டாடியிருக்கும். நீயோ மிச்சக் காற்றைச் சோடா உப்புக் கரைத்த சட்டித் தண்ணீரில் குமிழவிட்டு, துத்தநாகத் தகட்டை முக்கி, லாரி பேட்டரியை மாட்டினாய்.

"ஏலே, என்ன பண்ணுதே?"

"கரண்டு பாய்ஞ்சா இந்தக் காத்து எறும்புப் புளிப்பா மாறும் அத்தான். கொழும்புப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க அதத்தான் ஊத்துதாங்க. எங்கிருந்தோ கப்பல்ல வருது. நாம இங்கன காத்துலருந்தே எடுப்போம்."

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த எனக்கு, பாலுக்கு உறைமோர் என்ற அளவில் விளங்கியது.

முதல் நாள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாய். தூத்துக்குடிக் கிணற்றில் உப்பில்லாத வாளி ஏது? கரண்டு அந்த உப்பைப் பிடித்துக்கொண்டது. சலவைத்தூள் நெடி கிளம்பித் தெருவே இருமியது. அப்புறம் மழைத் தண்ணீர் பிடித்து வைத்து மறுபடி தொடங்கினாய். ஒரு நாள் அந்த எறும்பு வாடை வந்தேவிட்டது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

"ஒரு கரண்டி புளிப்புக்கு ஒரு லாரி பேட்டரியாலே? நாலு எறும்புக் கூட்டைப் புழிஞ்சிருக்கலாமே" என்று அவர் சிரித்தார்.

"எறும்பு தீந்துபோவும் அண்ணாச்சி. காத்து தீராது. நீங்க சிரிக்கும்போது விடுத மூச்சுலயும் அது இருக்கு" என்றாய்.

அன்றிலிருந்து ஊருக்கு நீ எறும்பன். யுத்தம் முடிந்த மழையில் டைபாய்டு உன்னைக் கொண்டுபோனது. டாக்டர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கண்ட புகையை மோந்து புத்தி கெட்டுச் செத்தான் என்றே பேச்சு. வடிவுக்கு முந்தி வந்த இடங்களும் இந்தப் பேச்சில்தான் நழுவின.

இன்று பையனின் தகப்பனார் பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சட்டி இன்னும் கிடக்கா? அதத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு, மச்சினனுக்குப் புத்தி சரியில்லன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணாச்சி. எங்க சனத்துக்கு அது போதும். இந்த மாசமே பரிசம் போட்டுருவோம்."

உன் அக்காள் என்னைப் பார்த்தாள். தொடையைச் சொறிந்துகொண்டே வீரம் பேசுவது கஷ்டம். ஆனாலும் பேசினேன்.

"புத்தி சரியில்லாதவன் நான்தான். மரத்தப் பாக்காம சாஞ்சேன். அவனுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. சட்டி அங்கனயே இருக்கும். பொண்ணு வேணும்னா அவ மாமனையும் சேத்துக் கேளுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. காப்பி ஆறுது."

போய்விட்டார்கள். "இந்த வாய வச்சுக்கிட்டு எங்கன போயி மாப்பிள்ள தேடப் போறிய?" என்றாள் உன் அக்காள். சொன்னாளே தவிர, அவர்கள் குடிக்காமல் வைத்த காப்பியைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுத்தாள். நானும் குடித்தேன். நல்ல காப்பி.

அவர்கள் பஸ் ஏறும்வரை ஒரு வார்த்தை என் தொண்டையிலேயே நின்றது. சொல்ல வேண்டியவள் மகள்தான் என்று விழுங்கிவிட்டேன். உன்னிடம் சொல்லலாம். நீ போன பிறகு அந்தச் சட்டியை நடத்துகிறவள் வடிவு. புளிப்பு கூடட்டும் என்று தகட்டில் பாதரசம் தேய்த்துப் பார்த்தவளும் அவளே. நீ எடுத்தது ஒரு கரண்டி. அவள் ஒரு சோடா பாட்டில் நிறைய எடுத்திருக்கிறாள்.