வலப்பக்கம் தொங்கிய ட்ரம்

9 செப்டம்பர் 2024, திங்கள்

மிசிசாகாவிலிருந்து வீடு திரும்பும் வழியில் 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. கைபேசியைத் திறந்தேன். 'பாண்ட் பெடியள்' குழுவில் றொய்சன் பாரிஸிலிருந்து ஒரு படம் போட்டிருந்தான். எங்கள் கல்லூரியின் பாண்ட் வாத்தியக் குழுவில் ஒருகாலத்தில் இருந்தவர்கள் பழம்படங்களையும் பழங்கதைகளையும் பரிமாறிக்கொள்ளும் குழு அது. கஸ்பர் என்னைக் கேளாமலே சேர்த்துவிட்டான். பெரும்பாலும் திறப்பதில்லை.

படத்தில் ஒரே ஒரு பையன். தொப்பியின் நிழல் மூக்குவரை விழுந்திருக்கிறது. வாயும் நாடியும் கலங்கல். சைட் ட்ரம் அடிக்கிறான். ட்ரம் அவனுடைய வலத்தொடையில் தொங்குகிறது.

சைட் ட்ரம்மை எல்லோரும் இடத்தொடையில்தான் தொங்கவிடுவார்கள். வார் வலத்தோளிலிருந்து குறுக்கே வரும். எங்கள் அணியில் இடக்கைக்காரன் ஒருவன்தான் இருந்தான். அதனால் அவன் மட்டும் எல்லாவற்றையும் மாற்றி, வலப்பக்கம் கட்டினான்.

என் தம்பி பேனாட்.

ஷெல் விழுந்த அன்று அவனுக்குப் பதினாறு வயது. இடப்பெயர்வில் வீட்டுப் படங்கள் எல்லாம் போயின. இதுதான் அவன் என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை, இன்று மாலைவரை.

பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

10 செப்டம்பர், செவ்வாய்

காலையில் ஜூலியஸ் எழுதியிருக்கிறான்: "அட, உது நானடா! பெல்ற் பக்கிளை நூலாலை கட்டினது தெரியுதே? கடவுளே, இவ்வளவு நாளைக்குப் பிறகு என்ர ஒரு படம்!" அதன்கீழே இதயங்கள், கைதட்டல்கள்.

ஜூலியஸ் இங்கேதான் ஸ்காபரோவில் இருக்கிறான். நகரப் பேருந்து ஓட்டுகிறான். முப்பது வருடமாக ஒரே ஊரில் இருக்கிறோம். கோவில் வாசலில் கண்டால் தலையசைப்பதோடு சரி.

நான் எழுதினேன்: "படத்திலிருப்பவர் காலஞ்சென்ற எனது சகோதரர் பேனாட். ட்ரம் வலப்பக்கத்தில் தொங்குவதைக் கவனிக்கவும். நீர் வலக்கைப் பழக்கமுள்ளவர். இதற்கு உம்மிடம் விளக்கம் உண்டா?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "அதுதான் எனக்கும் விளங்கேல்லை எமில். ஆனா உது நான்தான் மச்சான்."

விளங்கவில்லையாம். காப்புறுதிக் கோரிக்கைகளைச் சோதிப்பது என் தொழில். நசுங்கிய கார், நனைந்த நிலக்கீழறை, வழுக்கிய படிக்கட்டு என்று படங்களைப் பார்த்து, எவர் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுப்பவன் நான். விளக்கம் இல்லாதவன் எப்போதும் இந்த வாக்கியத்தைத்தான் சொல்வான்.

12 செப்டம்பர், வியாழன்

இது முதல் முறையல்ல என்பதைப் பதிந்து வைக்கிறேன்.

ஆயர் கல்லூரிக்கு வந்த வருடம், அணிவகுப்புக்கு முதல் நாள், பாண்ட் மாஸ்டர் பேனாட்டை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார். "எல்லாற்றை ட்ரம்மும் ஒரு பக்கம், உன்ர மட்டும் மற்றப் பக்கம். பல்லு விழுந்த வாய் மாதிரிக் கிடக்குதடா" என்றார். பெடியள் சிரித்தார்கள். அவனுடைய இடத்துக்கு வந்தவன் ஜூலியஸ். அவனும் சிரித்தான். நான் சிம்பல் அடிப்பவன். ட்ரம் வரிசைக்கு நேர் பின்னால் என் இடம். தம்பியின் முதுகு இருந்த இடத்தில் அன்று இவனுடைய முதுகு.

பேனாட் மதிலோரம் நின்று முழுவதையும் பார்த்தான். வீட்டுக்கு வந்து, இரண்டு அகப்பைக் காம்புகளால் சாப்பாட்டு மேசையில் அந்த அணிவகுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அடித்தான். அம்மா ஏசவில்லை.

அன்று இடத்தை எடுத்தவன் இன்று படத்தை எடுக்க வருகிறான். செத்தவன் வழக்குப் பேச வரமாட்டான் என்ற தைரியம்.

15 செப்டம்பர், ஞாயிறு

படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மாவுக்கு நடுப்பார்வை போய்விட்டது. எதையும் தலையைச் சரித்து, கண்ணின் ஓரத்தால்தான் பார்ப்பார். முகங்கள் பிடிபடுவதில்லை. சட்டத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ட்ரம்மைத் தடவினார்.

"வலப்பக்கம் எல்லே தம்பி தொங்குது?"

"ஓம் அம்மா."

"அப்ப என்ர பேனாட்தான்."

அதன்பிறகு அழுதார். அவன் செத்தபோதுகூட இப்படி அழுததாக எனக்கு நினைவில்லை. அன்று அதற்கு நேரம் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தோம்.

திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தாயிற்று. மாலை வேண்டும் என்றார். என் மனைவி அருள்நாயகி கடையில் ஒரு காகிதப்பூ மாலை வாங்கி வந்து போட்டாள். மெழுகுதிரி கொளுத்தினால் புகை எச்சரிக்கை அலறும் என்பதால் பற்றரியில் எரியும் திரி.

மாலையில் கஸ்பர் வந்தான். பாண்ட் பெடியளின் ஒன்றுகூடலுக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம், கட்டுரை கேட்டான். அம்மா படத்துக்கு முன்னால் செபமாலையோடு இருந்தார். கஸ்பர் பார்த்தான். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினான். ஏன்?

17 செப்டம்பர், செவ்வாய்

ஜூலியஸ் குழுவில் எழுதியிருப்பது: "எமில் சொன்னதுதான் சரி. வடிவாப் பாத்தன். உது பேனாட். என்ர பிழை, மன்னிக்கோணும்."

அவ்வளவுதான். ஒரு வாரம் முன்பு நூலால் கட்டிய பக்கிளைக் கண்டவன், இன்று ஒரு வரியில் கைவிடுகிறான்.

ஒரு கோரிக்கையை எவரும் காரணமில்லாமல் திரும்பப் பெறுவதில்லை. பெறுகிறார் என்றால் வேறெங்கோ பெரிதாக ஒன்றை மறைக்கிறார். இது என் அனுபவம்.

18 செப்டம்பர்

அருள்நாயகி சொன்னாள்: "உங்களுக்கு ஒருத்தன் தாறன் எண்டாலும் கள்ளன், தரமாட்டன் எண்டாலும் கள்ளன்."

29 செப்டம்பர், ஞாயிறு

மலருக்காக அந்தப் படத்தின் கீழே வரவேண்டிய வரியை நானே எழுதிக் கொடுத்தேன். "பேனாட் — அணியின் ஒரே இடக்கை ட்ரம் வாத்தியக்காரர். இடம் மறுக்கப்பட்டவர்." கடைசி இரண்டு சொற்களையும் எடுக்கலாமா என்று கஸ்பர் கேட்டான். முடியாது என்றேன்.

"சரி, உன்ர விருப்பம்" என்றான். வாதாடவே இல்லை. கஸ்பர் வாதாடாமல் விட்ட விடயம் வேறொன்று உண்டா?

13 ஒக்டோபர், ஞாயிறு

ஒன்றுகூடல். ஷெப்பர்ட் வீதி மண்டபம். நரைத்த தலைகள், இறுகிய கோட்டுகள், மேசைக்கு மேசை சத்தம். எவனோ வாடகைக்கு ட்ரம் கொண்டுவந்திருந்தான். அதை மாட்டிக்கொண்டு இரண்டு சுற்று நடந்த ஒருவனைப் பார்த்து, "டேய், ட்ரம்முக்கு முன்னாலை உன்ர வண்டி வயிறு போகுதடா!" என்று பின்வரிசை கத்தியது. எல்லோரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

படங்கள் திரையில் ஓடின. பேனாட்டின் படம் வந்தபோது மண்டபம் எழுந்து நின்றது. எவர் முதலில் எழுந்தார் என்று பார்த்தேன். ஜூலியஸ்.

ஏன் அவன்?

சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் வந்தான். "அன்ரி சுகமோ?" என்றான். "நலம்" என்றேன். ரோல் ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனான். நான் அதைத் தொடவில்லை.

அவனுடைய மகள் ஸ்டெபனி — இங்கே பிறந்த பிள்ளை — என்னிடம் வந்தாள். "அங்கிள், அப்பா ரியலி ட்ரம் அடிச்சவரா? ஸ்லைட் ஷோ ஃபுல்லா பாத்தன், ஒரு பிக்சர்லயும் அவர் இல்ல. அம்மா சொல்றா, இவர் சும்மா கதை விடுறார் எண்டு."

"அடித்தவர்தான்" என்றேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

20 ஒக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து கார்த் தரிப்பிடத்தில் நின்றபோது குழுவில் படங்கள் வந்து விழுந்தன. எல்லாம் றொய்சனிடமிருந்து. முதற்படம் இருந்த அதே நெகட்டிவ் சுருளின் மிகுதியாம். பூஞ்சணம் பிடித்திருந்ததை ஊரில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துத் துடைத்து எடுக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டதாம்.

இரண்டாவது படத்தில் முழு அணியும் நிற்கிறது. நடுவில் பெரிய ட்ரம். அதன் தோலில் கல்லூரியின் பெயர். எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபக்கம் திரும்பியிருந்தன.

வரிசையில் ஒவ்வொருவனின் ட்ரம்மும் வலத்தொடையில்.

ஒவ்வொருவனின் ட்ரம்மும்.

றொய்சனின் குரல்பதிவு: "டேய் சொறியடா, மன்னார் ஸ்ரூடியோப் பெடியன் நெகட்டிவை மற்றப் பக்கமா வைச்சு ஸ்கான் பண்ணிப்போட்டான். முதல் போட்டதும் உப்பிடித்தான் இருக்கும். எல்லாத்தையும் திருப்பிப் பாருங்கோ."

முதற்படத்தைத் திறந்தேன். கைபேசியில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். ட்ரம் இடத்தொடைக்குப் போய் நின்றது. வார் வலத்தோளிலிருந்து குறுக்கே வந்தது. வலக்கைக்காரன் ஒருவன். இடுப்பில் பக்கிள், அதில் நூல்.

அணிப்படத்தின் ஓரத்தில் மதில் தெரிகிறது. ஆயர் வந்த நாள்தான். மதிலடியில் நிறையப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். எல்லாம் வெறும் புள்ளிகள்.

அருள்நாயகி காருக்குள் இருந்து கேட்டாள், "என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமோ?"

நான் பேனாட்டுக்கு முன்னால் நடந்ததே இல்லை. வருடக்கணக்காக அவனுடைய முதுகைத்தான் பார்த்தேன். அந்த முகம்... அந்த வாய் எப்படி இருந்தது? நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முடியுமா என்னால்? அம்மாவிடம் போய் என்னெண்டு சொல்லப்போறன்?

21 ஒக்டோபர்

திரும்பிய எழுத்துகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. ஒரு பகிடிகூட இல்லை. முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒருவனுடைய பட்டப்பெயரை விடாதவர்கள், இதை மட்டும் விட்டுவிட்டார்கள். இந்த மௌனம் எவருடைய ஏற்பாடு?

23 ஒக்டோபர், புதன்

கஸ்பரை அழைத்து நேரடியாகக் கேட்டேன். மழுப்பினான். மறுபடி கேட்டேன்.

"ஜூலியஸ்தான். படம் வந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாருக்கும் தனித்தனிய ஃபோன் அடிச்சவன். ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாதாம். அன்ரியின்ர காதுக்கு ஒண்டும் போகக்கூடாதாம்."

"முதலில் அவன் விட்டுக்கொடுத்தது?"

"உங்கட வீட்டை வந்திட்டுப் போய் நான்தானே அவனுக்குச் சொன்னனான், அன்ரி படத்துக்கு முன்னாலை இருக்கிற இருப்பை. அதோடை விட்டிட்டான். எமில், கோவிக்காதை. எங்களுக்கு உன்னைத் தெரியும்."

'எங்களுக்கு உன்னைத் தெரியும்.' மன்னிப்பாகவும் கேட்கலாம், குற்றச்சாட்டாகவும் கேட்கலாம். இரண்டில் எது என்று நான் விசாரிக்கவில்லை.

26 ஒக்டோபர், சனி

ஜூலியஸின் பேருந்து முடியும் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் காத்திருந்தேன். சீருடையோடு வந்தான். என்னைக் கண்டதும், "என்ன மச்சான், பஸ் பிடிக்க வந்தனியோ?" என்றான்.

"உமக்கு ஆரம்பத்திலேயே நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஏன் நிரூபிக்கவில்லை?"

"உனக்கோ? ஆதாரம் கேப்பாய். ஆதாரம் தந்தா, அதுக்கு ஆதாரம் கேப்பாய்." கோப்பியைக் கலக்கினான். "எமில், 'நீர், உமக்கு' எண்டு கதையாதை. மேலதிகாரியோடை கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

"உமக்கு... உனக்கு வேறு படம் இல்லை என்று மகள் சொன்னாள்."

"ஓம். அதுக்கென்ன? இந்த மூஞ்சியை அவள் நெடுகப் பாக்கிறாள். இதுவே காணுமாம்."

நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்காவது ஒரு கணக்கு இருக்கும், ஒரு எதிர்பார்ப்பு. பழக்கம் அது. அவன் சீனிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு நானும் சிரிச்சனான் எண்டுதானே உனக்குக் கோபம்?" என்றான் திடீரென்று. "மாஸ்டர் பகிடி விட்டா ஆர்தான் சிரிக்காம நிண்டது? நீயும்தானே பின்னாலை சிம்பலோடை நிண்டு சிரிச்சனி."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காட்சியில் எல்லோருடைய முகமும் எனக்குத் தெரிகிறது. என் முகம் தெரியவில்லை.

எழும்பும்போது, "அம்மா உன்னைக் கேட்டா. மரித்தோர் திருநாளுக்கு வரட்டாம்" என்றேன். அம்மா கேட்டது உண்மை. ஒன்றுகூடலில் முதலில் எழுந்து நின்றவன் ஜூலியஸ் என்று நான்தான் சொல்லியிருந்தேன், குற்றமாக. அம்மா அதை வேறுவிதமாகக் கேட்டிருக்கிறார்.

2 நவம்பர், சனி

ஜூலியஸ் வந்தான். கோட்டைக் கழற்றிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தான். அம்மா அவனைப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போனார்.

மாலையைக் கண்டதும் நின்றான். மாலை விழுவது எப்படிப்பட்ட படத்துக்கு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. சட்டைப்பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு, முழங்கால் வலி உள்ளவன், கதிரையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டான்.

அம்மா சொல்லச்சொல்ல அவன் பதில் சொன்னான். 'நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும்.' தன் பதினைந்து வயது முகத்துக்கு முன்னால் இருந்து, குரல் பிசகாமல் சொன்னான். நான் அவனுக்குப் பின்னால் முழந்தாளிட்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவனுடைய முதுகு.

"மெலிவா நிக்கிறான், என்ன தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"மெலிவுதான் அன்ரி. ஆனா அடிச்சானெண்டால் மதில் அதிரும்."

அம்மா சிரித்தார்.

வாசலில் அவனுக்கு ஒரு கடிதஉறை கொடுத்தேன். உள்ளே சரியாகத் திருப்பி அச்சிட்ட படம். பின்புறத்தில் அவனுடைய பெயர், என் கையெழுத்தில். "ஸ்டெபனிக்கு" என்றேன். அவன் பிரித்துப் பார்க்கவில்லை. கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டான்.

அவன் போனபின் படத்திலிருந்த மாலையைக் கழற்றினேன். திரியை எரிய விட்டேன். ஏன் என்று அம்மா கேட்டார். தூசு பிடிக்கிறது என்று சொன்னேன்.