எஸ்டேட் லயத்துப் பட்டியல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கடை திறக்கும்போதே கரண்ட் இல்லை. பத்தரைக்கு வந்தது, வந்ததும் மினுக்கியது. யுபிஎஸ் கத்துகிறது. பேட்டரி மாற்றச் சொல்ல வேண்டும்.

வேலைகள்: ரேஷன் கார்டு விண்ணப்பம் மூன்று. கோயில் நோட்டீஸ், பிழை திருத்தம். லேமினேஷன் ஒன்றும் முடியாது, ரோல் தீர்ந்தது.

மதியம் தங்கராசு அண்ணன் வந்தார். (இனி த.அ., முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) எஸ்டேட் ஓடிய காலத்தில் ஆபீஸ் கணக்கப்பிள்ளை. எஸ்டேட் மூடியும் லயத்து வரிசை வீடுகளை விட்டுப் போகாத அறுபத்தொரு குடும்பங்களுக்கு இன்னும் அவர்தான் மனு எழுதுகிறார். பென் டிரைவைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். "நனையாமக் கொண்டாந்துட்டேன், செல்வி."

விஷயம்: லயத்துக்காரர்களுக்கு அரசு வீடு. பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். தாளாக வேண்டாம், ஃபைலாக. 15ஆம் தேதி நேர் விசாரணை. பட்டியல் தேறிவிட்டால் அந்த வாரமே எல்லோரையும் டவுன் குவார்ட்டர்ஸில் தங்கவைப்பார்கள், வீடு பிறகு. போன வருஷம் மூன்றாம் லயத்தில் சுவர் விழுந்ததே, மறுபடி விழுந்தால் யார் பதில் சொல்வது.

த.அ. ஃபைலைத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாக ஒரே குப்பை. பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார், அது என் மெஷினில் இல்லை.

"எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தான தெரியுது?"

எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஜூலை 9, புதன்

மழை. இரண்டு மணி நேரம் எழுத்துரு வேட்டை. கடைசியில் என் பழைய சி.டி. ஒன்றில் கிடைத்தது. ஏற்றியதும் பட்டியல் அழகாகத் தமிழில் எழுந்தது. மூன்று லயம், வீட்டு நம்பர் வாரியாக, வயதோடு. ரெண்டாம் லயம் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தேன். நான் பிறந்த வீடு. இப்போது யாரோ முனியாண்டி.

சில பெயர்கள் மேல் குறுக்கே கோடு. போனில் கேட்டேன். செத்துப்போனவர்களாம். எஸ்டேட் செக்ரோலில், அதுதான் தினசரி ஆள் பதிவு, செத்தவர் பெயரை அழிக்க மாட்டார்கள், கோடுதான் போடுவார்கள். அந்தப் பழக்கத்தைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். "அழிச்சா அப்பிடி ஒரு ஆளே இல்லேன்னு ஆயிரும்ல." மனுஷன் கீபோர்டைப் பேனா மாதிரிப் பிடிக்கிறவர்.

தாலுகா ஆபீசுக்கு (தா.ஆ.) போன். கிளார்க் பெண், நல்ல மாதிரி, பாதி மலையாளம் பாதி தமிழ். "யூனிகோடு மாத்ரம் மதி, சேச்சி. பழைய ஃபாண்ட் இவிடெ ஓப்பன் ஆவில்ல. பிடிஎஃப்பும் வேண்டா, ஞங்ஙள்க்குக் கட்டம் கட்டமா எடுக்கணும்."

அங்கே இருப்பது இலவச புரோகிராம். த.அ. அடித்தது வேறொன்றில். இதில் திறந்தால் அதில் கட்டம் நகரும், அதில் சரிசெய்தால் இதில் பக்கம் உடையும். பதினாறு வருஷமாக இந்த மாரடிப்புதான் எனக்கு.

இவர் (வீட்டுக்காரர்) ஜீப்பை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்து கடையில் குந்தியிருக்கிறார். கிளட்ச். இரவுக்கு ரசம் போதும்.

ஜூலை 10, வியாழன்

கரண்ட் நாலு முறை போனது. நாலு முறையும் சேவ் செய்திருந்தேன், அதுவரை தெய்வம் உண்டு.

எழுத்தை யூனிகோடாக மாற்றும் கருவி நெட்டில் இருக்கிறது. அது எழுத்தை மட்டும்தான் வாங்கும், கட்டமெல்லாம் வாங்காது. அதனால் ஒவ்வொரு பத்தியாக வெட்டி, அதில் ஊற்றி, மாற்றி, புதுக் கட்டத்தில் ஒட்டினேன். பெயர்ப் பத்தி மட்டும் ஒரு பகல்.

கொம்பு வரும் இடமெல்லாம் சொதப்பல். செல்லம்மா, பொன்னுத்தாய், கோவிந்தன், எல்லாவற்றையும் கையால் திருத்தினேன். தேன்மொழி மட்டும் மூன்று முறை உடைந்தது. மூன்று முறையும் ஒட்டவைத்தேன். கண் எரிகிறது.

வாங்க: உளுந்து, கொசுவத்தி, கண்ணுக்குச் சொட்டு மருந்து.

ஜூலை 11, வெள்ளி

அனுப்பிவிட்டேன். அவர்கள் வைத்திருக்கும் அதே இலவச புரோகிராமை என் மெஷினிலும் ஏற்றி, அதில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஒரு கட்டம் நகரவில்லை. ஒரு எழுத்து உடையவில்லை. எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு இடம். கடைசி வரியில் மொத்தம் 207 பேர் என்று த.அ. போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தால் 214. வயசாகிவிட்டது, கூட்டல் தப்புகிறது பாவம். 214 என்று திருத்திவிட்டேன். அவரிடம் சொன்னால் சங்கடப்படுவார், சொல்லவில்லை.

கிளார்க் பெண் பதில்: "நல்ல க்ளீன் ஃபைல் சேச்சி."

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்ட நேரம் பார்த்து லயத்துக்குப் போனேன். மாரியக்காவைப் பார்த்து நாளாயிற்று. மூன்றாம் லயம், நாலாம் நம்பர். அம்மாவோடு ஒரே தேயிலைக் காட்டில் நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளியவர். போன ஆடியில் சுவர் விழுந்ததில் ஒரே மகள் போய்விட்டாள். அந்தப் பக்கம் இப்போது நீலத் தார்ப்பாய். மிச்சச் சுவருக்கு இரண்டு சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்திருக்கிறது. ஈரம் தரையிலிருந்து இடுப்பு உயரம் ஏறிவிட்டது.

சட்டி பானையெல்லாம் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருக்கிறார்.

"செவ்வாக்கெழம பேரு கூப்புடுவாகளாம்ல? கூப்புட்டா அன்னைக்கே கெளம்பிரலாமாம்ல?"

"எல்லாம் ஏத்தியாச்சுக்கா. நானே ஏத்துனேன்."

"நீ ஏத்துனா சரியாத்தான் இருக்கும்."

கட்டஞ்சாயா கொடுத்தார். குடிக்கும்போது மண் ஒரு பிடி சுவரிலிருந்து உதிர்ந்து பாயில் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எப்படி எழுதுவது.

பள்ளிக்கூட ஹாலில் விசாரணை. பதினெட்டு முடிந்தவர் எல்லோரும் நேரில் வந்து பெயருக்குக் கைகாட்ட வேண்டும். ஆபீசர் லேப்டாப்பைப் பார்த்துத் தமிழிலேயே வாசித்தார். முதல் லயம் முழுக்க ஒரு சிக்கலும் இல்லை. ரெண்டாம் லயத்தில் செல்லம்மா என்று கூப்பிட்டார். யாரும் கைதூக்கவில்லை. வரவில்லை என்று குறித்துக்கொண்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"மூணாம் லயம், நம்பர் நாலு. மாரியம்மாள்."

"இருக்கேங்கய்யா."

"தேன்மொழி."

அவர் மறுபடி கூப்பிட்டார். "தேன்மொழி, பத்தொம்பது வயசு. ஆள் எவிடெ?"

மாரியக்கா எழுந்து நின்றார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதை என்னால் மறக்க முடியாது. கூப்பிட்ட பெயருக்கு ஆள் வருமோ என்று பார்த்தார்.

பின்னாலிருந்து முனியாண்டிதான் சொன்னார். "செத்துப்போச்சு சார். செவரு விழுந்து."

ஆபீசர் லேப்டாப்பை மூடினார். பிறகு திறந்தார். பஞ்சாயத்து மரணப் பதிவை எடுத்துவரச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் பதிவிலிருந்து ஏழு பேர் வந்துவிட்டார்கள். ஏழும் செத்தவர்கள், ஏழும் என் ஃபைலில் உயிரோடு. த.அ. முன்பு கொடுத்த மனுவில் 207, இதில் 214.

"மொத்தத்தை மாத்தினது யாரு? மரிச்சவரை வெச்சு வீடு வாங்கானோ?"

த.அ. என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன்.

"நாந்தான் சார்," என்றார் த.அ. "வயசாயிருச்சு. கண்ணு தெரியல."

அறுபத்தொரு குடும்பமும் பார்த்திருக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆபீசர் திட்டினார். கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் கள்ளத்தனம் என்று நாலு முறை சொன்னார். பட்டியல் நிறுத்திவைப்பு. மழைக்காலம் முடிந்து வீடு வீடாகப் புதுச் சரிபார்ப்பு. அதுவரை குவார்ட்டர்ஸ் கிடையாது. ஏழு குடும்பமும் மரணச் சான்றிதழோடு தனித்தனி உறுதிமொழி தர வேண்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்: பயம். கடை போய்விடும் என்ற பயம்.

ஜூலை 16, புதன்

கடை திறக்கவில்லை. தலைவலி என்று போர்டு.

இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். த.அ. ஃபைலில் ஏழு கோடும் இருக்கிறது. கருவிக்குள் எழுத்தை ஊற்றியபோது எழுத்து மட்டும் வெளியே வந்தது. கோடு கட்டத்தோடு சேர்ந்தது, அது அங்கேயே நின்றுவிட்டது. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று நான் எழுத்தைப் பார்த்தேன், பெயரை வாசிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பத்தாம் கிளாஸ் ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நான்தான். அவள் பெயரை மூன்று முறை கையால் ஒட்டியிருக்கிறேன், முகம் ஞாபகம் வரவில்லை.

இந்த நோட்டில் போன புதன்கிழமை நானே எழுதியிருக்கிறேன், கோடு என்றால் செத்தவர் என்று. இரண்டு நாள் கழித்து, கூட்டல் தப்பு, பாவம் என்றும் நானே எழுதியிருக்கிறேன். படிக்கப் படிக்க என் மேலேயே அருவருப்பு.

இவரிடம் சொன்னேன். "இப்பச் சொல்லி என்னாகப்போகுது? சும்மா இரு," என்றார். சாப்பிடவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். மழை வலுத்துவிட்டது. த.அ.வைக் கூட்டிக்கொண்டு தா.ஆ. போனேன். கிளார்க் பெண்ணிடம் இரண்டு ஃபைலையும் காட்டினேன். கோடு எப்படிப் போனது, மொத்தத்தை யார் மாற்றினது, எல்லாம் சொன்னேன். அவள் அவர்கள் புரோகிராமிலேயே திறந்து பார்த்தாள். இரண்டே நிமிஷத்தில் புரிந்துகொண்டாள்.

"எனிக்கு மனசிலாயி, சேச்சி. பக்ஷே ரிப்போர்ட் மேலெ போயி. இனி மழை கழிஞ்ஞுதான்."

தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி சீல் வைத்தாள். அதனால் ஒன்றும் நடக்காது என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில், தன் ஸ்டாப் ஆனைக்கரை நெருங்கும்போது த.அ. சொன்னார்: "இருவத்தாறு வருசம் செக்ரோல் எழுதுனேன். ஒருத்தனும் என்னயக் கள்ளன்னு சொன்னதில்ல."

மன்னிச்சிருங்கண்ணே என்றேன்.

"தப்பு எல்லாரும் பண்றதுதான், செல்வி. ஆனா அங்கிட்டு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

இறங்கிப் போய்விட்டார். குடை எடுத்து வரவில்லை அவர்.

ஜூலை 19, சனி

மூன்றாம் லயத்தில் ஏழாம் நம்பர் பின்சுவர் சரிந்தது. காலையில். ஆள் சேதமில்லை, கோழி இரண்டு. மாரியக்கா சாக்கு மூட்டையை அவிழ்த்துவிட்டாராம், சமைக்கச் சட்டி வேண்டுமே என்று.

பதினோரு மணிக்குக் கடைக்கு வந்தார். கையில் மரணச் சான்றிதழ், மடித்து மடித்து நாலாகக் கிழியும் நிலையில். உறுதிமொழி அடிக்க வேண்டும்.

உட்காரச் சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், கோடு, மொத்தம், நான் வாய்மூடி நின்றது. அவர் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "அடிச்சுக் குடு தாயி, பஸ்ஸு போயிரும்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடித்தேன். 'மேற்படி தேன்மொழி என் மகள். சென்ற ஆண்டு லயத்துச் சுவர் இடிந்து இறந்துவிட்டாள். அவள் உயிரோடு இருப்பதாகக் காட்டி நான் எந்தச் சலுகையும் பெற முயலவில்லை.' இதுதான் வாசகம், ஏழு குடும்பத்துக்கும் ஒன்றே, பெயர், உறவு, செத்த விதம் மட்டும் மாற்ற வேண்டும். எழுத்து ஒன்றும் உடையவில்லை.

வாசித்துக் காட்டினேன். "சரியாத்தான் இருக்கு," என்று பெருவிரல் வைத்தார். விரலைத் துடைக்கத் துணி கொடுத்தேன்.

எழுந்தவர் நின்றார்.

"நீ தப்பா ஏத்துனியே, அந்தத் தாளு இருக்கா?"

"இருக்குக்கா. எதுக்கு?"

"எனக்கு ஒண்ணு குடு."

மூன்றாம் லயத்துப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தாளை மேசையில் விரித்து, "இதுல அவ பேரு எதுத்தா?" என்றார். அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். மை இன்னும் முழுசாகப் போகவில்லை, பெயருக்குப் பக்கத்தில் லேசாகப் பட்டுவிட்டது.

வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.