நாற்பத்தோராவது விண்ணப்பம்

என் செல்ல மகளுக்கு,

வாக்காளர் பட்டியலிலிருந்து உன் பெயரை எந்த அதிகாரியும் நீக்கவில்லை. பட்டியலில் பெயர் சேர்க்க நம் தெருப் பிள்ளைகள் நாற்பது பேர் எழுதிய விண்ணப்பங்களோடு உன்னுடையதையும் வைத்து, "ஆபீஸ்ல குடுத்துடுங்கப்பா" என்று தந்தாய். உன்னுடையதை மட்டும் நான் உருவிக்கொண்டேன்.

பயம்தான். நம்மைப் போன்ற சிறுபான்மையினரின் பெயர் எந்தப் பட்டியலில் ஏறினாலும் அதை வைத்தே ஒருநாள் நம்மைத் தேடி வருவார்கள் என்று நினைப்பவன் நான். அப்படிப் பயந்தவன் மற்ற நாற்பதையும் கூசாமல் கொடுத்தேன். அவர்கள் என் பிள்ளைகள் இல்லையே.

பட்டியலில் பெயர் இல்லையென்று நீ வாக்குச்சாவடியிலிருந்து அழுதுகொண்டு திரும்பியபோதும் உண்மையை மறைத்தேன். இப்போது அடுத்த தேர்தலுக்குப் பெயர் சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்குகிறாய். "உன் பேரையே தூக்குனவங்க எங்கள விடுவாங்களா?" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

விண்ணப்பம் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வாசலிலும் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படி. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உன் பெயரைத் தூக்கிய
அப்பா