எல்லை மூடிய நாளில் உன் மருந்துப் பை

மாமு,

இன்று மத்தியானம் எர்ணாவூர்ப் பக்கம் டிரெய்லர் வரிசையில் நின்றிருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் காலையிலிருந்தே நகரவில்லை. எனக்கு முன்னால் நின்ற குளிர்பதனக் கன்டெய்னரில் மோட்டார் பழுதாகிவிட்டது போலிருக்கிறது. கதவிடுக்கு வழியாகப் புளித்த தயிர் வாசனை வந்தது. வெயிலில் பொங்கி, டப்பாவை உடைத்து, அட்டைப்பெட்டியை நனைத்துக்கொண்டு வழிகிற தயிரின் வாசனை. சட்டென்று எனக்கு வேர்த்துக்கொட்டியது. பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, இப்டி வேர்த்துகினு கீது? நெஞ்சு வலியா?" என்று கேட்டார். வெயில் என்று சொல்லிவிட்டேன். பயம் என்று சொன்னால் எதைப் பார்த்து என்று கேட்பாரே.

அதை உனக்கு எழுதிவிடுகிறேன்.

நான் தண்டையார்பேட்டை, நீ புளியந்தோப்பு. ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சவுதிக்கும் கத்தாருக்கும் நடுவே, பாலைவனத்தில், லாரி வரிசையில் நின்றபோதுதான் சந்தித்தோம். நீ யாரையோ போனில், "பேஜார் பண்ணாத, வை" என்று திட்டிக்கொண்டிருந்தாய். அந்தப் பேச்சைக் கேட்டதும் ஓடிவந்து உன் லாரிக் கதவைத் தட்டினேன். "நம்ம ஏரியாவா மாமு?" என்று கேட்டபடியே இறங்கி வந்தாய். அன்றிலிருந்து நீ எனக்கு மாமு, நான் உனக்கு மாமு.

நான் சவுதிக் கம்பெனி லாரி ஓட்டினேன். தயிரும் பாலும் ஏற்றிக்கொண்டு கத்தாருக்குப் போவேன். உன்னுடையது கத்தார் நம்பர் வண்டி. சவுதிப் பக்கம் வந்து டைல்ஸ் ஏற்றிப் போவாய். அந்த அரசர்களெல்லாம் பங்காளிகள், தங்களுக்குள் ஒரே சுங்கம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். பேப்பர் சரியாக இருந்தால் ஒரு முத்திரை, வண்டி அந்தப் பக்கம். "வண்ணாரப்பேட்டைல டீ குட்ச்சிட்டு ராயபுரம் போற மாதிரி மாமு" என்பாய்.

உனக்குச் சர்க்கரை. தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாய். உன் வண்டியில் ஏ.சி. சரியில்லை, மருந்து சூடாகிவிடும். அதனால் ஒரே வரிசையில் நின்றால், உன் நீலநிற மருந்துப் பையை என் தயிர்ப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிடுவாய். எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறோம்.

நோன்பு மாதம் அது. அன்று காலையில் வரிசையே ஒரு மாதிரி இருந்தது. டிரைவர்கள் கூட்டம் கூட்டமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசர்களுக்குள் சண்டையாம், எல்லையை மூடப்போகிறார்களாம் என்றான் ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவர். நீ சிரித்தாய். "அண்ணன் தம்பி சண்டை மாமு, பெருநாளுக்குள்ள கட்டிப் புட்ச்சிக்குவாங்க." நீ சொல்லி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி அலறியது. கத்தார் நம்பர் வண்டிகள் உடனே வெளியேற வேண்டும், மற்ற வண்டிகள் அப்படியே நிற்க வேண்டும். போலீஸ்காரர்கள் ஓடிவந்து உன் லாரிக் கதவில் அடித்தார்கள். நீ கத்தார் பக்கம் கிளம்பிப் போனாய். உன் வண்டிக்குப் பின்னால் நாலைந்து வண்டிகள் போயிருக்கும். பிறகு தடுப்புக் கட்டை இறங்கியது.

அப்புறம்தான் பை நினைவுக்கு வந்தது.

நீ போன் செய்தாய். "மாமு, பை உன்கிட்ட கீது. இங்க எங்கள ஒரு யார்டுல அடைச்சி வச்சிக்கீறாங்க. கம்பெனி பேப்பர் வராம வெளிய வுட மாட்டாங்களாம். காலைலயே ஊசி போடல. எப்டினா அனுப்பிடு." நான் சரி என்றேன். எப்படி அனுப்புவது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

வெயில் ஏறியது. வரிசையின் முனையிலிருந்து சோதனை தொடங்கியது. இரண்டு நாய்கள், நாலைந்து பேர். ஒவ்வொரு வண்டியையும் குடைந்துகொண்டு வந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வண்டியில் ஊசிகள் இருக்கின்றன. லேபிள் அழிந்த மருந்துக் குப்பி இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லை. மருந்துக்குச் சொந்தக்காரன் எதிரி நாடாகிவிட்ட பக்கத்தில் இருக்கிறான். போதை மருந்துக் கேஸ் என்றால் அந்த ஊரில் தலை போகும். எனக்கு அரபி நூறு வார்த்தை தெரிந்தால் அதிகம். யாரிடம் என்ன சொல்லிப் புரியவைப்பேன்?

இனி எழுதப்போவதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

உன் பையை வெளியே எடுத்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, டயரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, கையாலேயே குழி தோண்டிப் புதைத்தேன். மணல் நெருப்பாகச் சுட்டது. மூடிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். என்னை அறியாமல் பல் கிட்டித்தது. நாய் வந்தது. வண்டிக்குள் ஏறியது, இறங்கியது, என் முழங்காலை முகர்ந்தது. பிறகு அடுத்த வண்டிக்குப் போய்விட்டது.

அவர்கள் போன பிறகும் நான் பையை எடுக்கவில்லை. அதுதான் கேவலம். திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்தே இருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். உன்னிடமிருந்து மறுபடி போன். குரல் குழறியது. "தாகமா கீது மாமு. கண்ணு மங்குது." நான் தோண்ட ஆரம்பித்தேன். குப்பி டீ கிளாஸ் மாதிரிச் சுட்டது. தயிரில் வைத்துக் குளிர்வித்தேன். பையைத் தட்டித் துடைத்து எடுத்துக்கொண்டு கஸ்டம்ஸ் கட்டடத்துக்கு நடந்தேன்.

அந்த நரைத்த தாடிக்கார அதிகாரியை உனக்கும் தெரியும். நம் பேப்பரில் முத்திரை குத்துகிறவர். அவர் மேஜைமேல் பையை வைத்தேன். அந்த நேரத்தில் வாயில் வந்ததெல்லாம் மூன்று வார்த்தை. "சதீக். சுக்கர். மௌத்." நண்பன். சர்க்கரை. சாவு. அவர் பையைத் திறந்தார். ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விலங்கு எடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் வயிற்றை இரண்டு விரலால் தட்டிக் காட்டி, "அன கமான்" என்றார். எனக்கும்தான்.

போனை எடுத்து யாருக்கோ முயற்சி செய்தார். பதில் இல்லை. எழுந்து என் தோளைப் பிடித்துத் தடுப்புக் கட்டைவரை கூட்டிப்போனார். அந்தப் பக்கத்து அதிகாரி தன் அறை வாசலில் நின்றிருந்தார். அந்த இருவரும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து காவா என்கிற அரபுக் காபி குடிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! அன்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கை மாறக்கூடாது என்று உத்தரவு. மேலே கேமரா. நம்மவர் பையைக் கட்டைக்கு அடியில் தரையில் வைத்தார். பின்னால் நகர்ந்து, முதுகைத் திருப்பிக்கொண்டார். மற்றவர் வந்து எடுத்துக்கொண்டார். போகும்போது நெஞ்சில் கை வைத்து ஒரு கணம் நின்றார். நம்மவர் தாடி நடுங்கியதை நான் பார்த்தேன். பயந்தது நான் மட்டுமில்லை.

மூன்று நாளில் நீ நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் செய்தி வந்தது. டீசல் தீர்ந்து குளிர்பதனம் நின்றுபோய், என் தயிரெல்லாம் அதே இடத்தில் புளித்து வழிந்துகொண்டிருந்தது. சுட்ட மணலில் கெட்டுப்போன மருந்தைத்தான் உனக்கு அனுப்பினேன், நான்தான் உன்னைக் கொல்கிறேன் என்று அந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

நீ பிழைத்தாய். ஊருக்கு வந்து ஆட்டோ வாங்கினாய். நானும் திரும்பி வந்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தோஸ்து. இவன் குட்த்த உசுரு இது" என்றாய். ஒவ்வொரு தடவையும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அப்புறம் ஒருநாள் அரசர்கள் சமாதானமானார்கள். விமான நிலையத்தில் கட்டித் தழுவிக்கொண்டதை டீக்கடை டி.வி.யில் பார்த்தோம். "பாரு மாமு, எல்லை தொறந்துட்டாங்க, கட்டிப் புட்ச்சிகினு கீறாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போதே உன் கால் வீங்கியிருந்தது. பிறகு கிட்னி, டயாலிசிஸ். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தபோதும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நீ வெளியே வந்து, "டீ சாப்ட்டியா?" என்று கேட்பாய். உன்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய்விடுவேன்.

போன மாதம் நீ இறந்து நாற்பதாம் நாள், உன் வீட்டில் பாத்தியா ஓதினார்கள். உன் மனைவி உறவுக்காரர்களிடம் என்னைக் காட்டி, "இவுருதான் அவரு உசுர காப்பாத்துனவரு" என்றது. சோற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு, "தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, மணலில் புதைத்ததைச் சொன்னேன்.

அது பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்ணே. பைய தொறந்தப்பவே உள்ள மண்ணு இருந்துச்சாம். 'பயந்து பொதைச்சிக்கீறான், மனசு கேக்காம தோண்டி எட்த்துக்கீறான்'னாரு. அந்த மருந்த அவரு போட்டுக்கவே இல்ல. கெட்டிருக்கும்னு வச்சிட்டாராம்."

"அப்ப ஏன் எல்லார்கிட்டயும் நான் காப்பாத்துனேன்னு சொன்னான்?"

"நானும் கேட்டேன். 'அவன் உள்ள செத்துகினு கீறான். தெரியும்னு சொல்ட்டா அப்பறம் நம்ம வூட்டு வாசல மிதிக்க மாட்டான்'னாரு."

உன் தெருவைத் தாண்டி, பஸ் ஏறாமல் தண்டையார்பேட்டைவரை நடந்தே வந்தேன்.

நிம்மதியாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். பொய். நான் அன்று உடனே தோண்டியிருந்தால் நீ ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டாய் என்ற எண்ணம் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பயமும் போகவில்லை. யாராவது சீருடையில் எதிரே வந்தால் இன்னும் உடம்பு சில்லிடுகிறது. ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று ஒருவனுக்கு முழுதாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அத்தனை வருஷம் எனக்கு டீ சொன்னான். அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன் மாமு. கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.